சின்னப்பாப்பாவின் வம்சம், ஒரே மூச்சில்

சகாயமேரி செத்துப்போகப் போகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சகாயமேரிதான். டாக்டர் சொல்லவில்லை. ஸ்கேனும் சொல்லவில்லை. குழாயடியில் சின்னப்பாப்பா தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நீ மொதல்ல புடிச்சிக்க அக்கா" என்றாள். அதற்குமேல் அத்தாட்சி என்ன வேண்டும்?

அக்காவாம். இருபது வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. மரக்காணத்தில் ஒரே உப்பளத்தில் கூடை சுமக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் சின்னப்பாப்பா அவளுக்கு வைத்த பெயர்களை எழுதினால் மாதா கோயில் சுவர் நான்கும் போதாது. அதில் ஒன்றுகூட உறவுமுறை கிடையாது. சகாயமேரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருக்க வேண்டும், ஆனால் சிலிர்க்க முடி இல்லை. ஆஸ்பத்திரியின் சிவப்பு மருந்து அத்தனையையும் கொட்ட வைத்திருந்தது, புருவம் உட்பட.

அந்த வருஷம், 2006இல், உப்பு சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து அவள் மார்பில் கட்டி வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. கையில் ஊசி குத்தி, ரோஸ் சர்பத் நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். முதல் முறை ஏற்றியபோது சிறுநீரும் அதே நிறத்தில் போனது. உடம்பில் நிற்காத மருந்தையா ஏற்றுகிறீர்கள் என்று சகாயமேரி நர்சோடு சண்டைக்குப் போனாள். தலைமுடி கொட்டிய பிறகு பஸ்ஸில் பார்த்தவர்களெல்லாம் வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டீங்களா என்று பக்தியோடு கேட்டார்கள். ஆமாம், மாதா புருவத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள் என்று பதில் சொன்னாள். இப்படி ஐந்து முறை ஏற்றியாகிவிட்டது. ஆறாவதும் கடைசியுமாக ஒன்றுதான் பாக்கி.

அதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சின்னப்பாப்பாகூட, "மொட்டப் பாப்பாத்தி வர்றா, வழி வுடுங்க" என்று குழாயடியில் மரியாதையாகத்தான் நடத்தினாள். ஐந்தாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் ஊரே கெட்டுப்போனது.

இங்கே அவர்கள் சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அக்காவின் பயங்கரம் புரியாது. உப்பளத்தில் பெண்கள் பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பில் வரிசையாக நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். கொட்டியவள் வெறுங்கூடையோடு திரும்புவாள். போகிறவளும் வருகிறவளும் வரப்பின் நடுவில் ஒருவரையொருவர் தாண்டும்போது ஒரு வாக்கியம் சொல்ல மட்டும் நேரம் இருக்கும். சகாயமேரி ஒன்று சொல்வாள். சின்னப்பாப்பா அதற்குப் பதிலை அடுத்த நடையில் சொல்வாள். காலையில் ஆரம்பித்த சண்டை இப்படித் தவணை முறையில் மத்தியானம் கஞ்சி குடிக்கும்வரை ஓடும். பதில் சொல்லும் அவசரத்தில் இருவருமே வேகமாக நடப்பார்கள். சண்டை நடக்கும் நாளில் அம்பாரம் கூடுதலாக உயரும் என்பதால் மேஸ்திரி ஒருநாளும் சமாதானம் பேசியதில்லை.

முழுநீளச் சண்டை குழாயடியில்தான். அங்கேதான் சகாயமேரி தன் பெரிய ஆயுதத்தை எடுப்பாள். அது சின்னப்பாப்பாவின் வம்சம். கோட்டைச் செங்கல்லைத் திருடி வந்து அடுப்பு கட்டிய கொள்ளுத்தாத்தா, ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்ற தாத்தா, கிணற்றில் விழுந்து காப்பாற்றப்பட்ட பிறகு காப்பாற்றியவனின் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியப்பன், பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஜ்ஜியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்த அப்பன், தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடிக்காமல் பிடித்த மாதிரி நடித்த அண்ணன் என்று அத்தனை பேரையும் ஒரே மூச்சில், நடுவில் எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடிப்பாள். குடம் நிரம்புவதற்குள் வம்சம் முடிந்துவிடும். அதைக் கேட்பதற்கென்றே அடுத்த தெருவிலிருந்து குடத்தோடு வருகிறவர்கள் உண்டு. சின்னப்பாப்பா பதிலுக்கு நீளமாகவெல்லாம் பேசமாட்டாள். இடுப்பில் கைவைத்துக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவ்ளோதானா?" என்பாள். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்துச் சகாயமேரி சாப்பாடு இறங்காமல் கிடப்பாள்.

அப்படிப்பட்டவள் அக்கா என்கிறாள். தன் குடத்தை வேறு ஒதுக்கி வைக்கிறாள்.

சின்னப்பாப்பா ஒருத்தி மட்டும் இப்படி என்றால் அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று விட்டுவிடலாம். வீட்டில் இருக்கிறவன் அதைவிட மோசம். சகாயமேரியின் புருஷன் சவரிமுத்து உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து குடித்த தம்ளரைக் குனிந்து எடுத்து வைத்ததில்லை. அவன் இப்போது காலையில் காப்பி போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் யாராவது அழ ஆரம்பித்தால் உடனே நிறுத்தினான். குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். விசில் சத்தம் கேட்காத சோறு அரை வேக்காட்டில் வந்தது. அதையும் இருவரும் தின்று தீர்த்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே மரியதாஸ் விஷயம். மரியதாஸ் சவரிமுத்துவுக்குத் தூரத்துச் சொந்தம், ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்த மனிதர். ஒருநாள் சாயங்காலம் சகாயமேரி கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனவள், தூரத்தில் உப்பள வரப்பின்மேல் ஒரு சவப்பெட்டி ஆடி ஆடிப் போவதைப் பார்த்தாள். தெருவழியாகப் போக வேண்டிய சாவு எதற்கு வரப்பில் போகிறது? பின்னால் நாற்பது ஐம்பது பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தார்கள். பேண்டுக்காரர்கள் வாசிக்காமல் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். கோயில் மணியும் அடிக்கவில்லை. புருஷனைக் கூப்பிட்டு என்ன அது என்று கேட்டாள். சவரிமுத்து கொஞ்சமும் கூசாமல், யாரோ பீரோ மாற்றிக்கொண்டு போகிறார்கள் என்றான்.

"பீரோவுக்கு எதுக்குய்யா மாலை?"

அவன் துணியைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சகாயமேரி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து யோசித்தாள். ஐந்தாவது ஊசி போட்ட அன்று, அவள் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் டாக்டரம்மா சவரிமுத்துவை மட்டும் கூப்பிட்டுத் தனியாக ஏதோ பேசியது ஞாபகம் வந்தது. அவன் வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது. சந்தேகமே இல்லை. கட்டி திரும்ப வந்துவிட்டது, டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், கடைசி ஊசி பேருக்குத்தான், ஊர் முழுக்கத் தெரியும், சாகப் போகிறவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். தன் சாவைத் தன்னிடம் மறைத்து மற்றவனெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பயம் அதற்கப்புறம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் அழுதாள். அழுதால் மூச்சு வாங்கியது, அதனால் நிறுத்திக்கொண்டாள்.

மூச்சு கொஞ்ச நாளாகவே சரியில்லை. குழாயடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்தால் நெஞ்சில் யாரோ உப்பு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி அடைத்தது. அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சீசனில் கால் வீங்குவதும் வெடிப்பதும் புதிதில்லை, அதை யாரும் ஒரு நோயாகக் கும்பிடுவதில்லை. மூச்சு வாங்குவதற்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சண்டை போட்டே பல நாளாயிற்று. பழக்கம் விட்டுப்போனால் எந்த வித்தையும் அப்படித்தான்.

ஆக, ஒரு நல்ல சண்டை போட்டுப் பார்த்துவிட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று முடிவு செய்தாள். சின்னப்பாப்பா திருப்பிச் சண்டை போட்டால் தான் பிழைப்பாள். போடவில்லை என்றால் கடைசியாகக் கட்டுகிற புடவையை எடுத்து வைத்துவிடலாம்.

மறுநாளிலிருந்து முயன்றாள். சின்னப்பாப்பா வாசலில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் பாத்திரம் கழுவின தண்ணீரை அதன்மேல் கொட்டினாள். சின்னப்பாப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, கண்ணை மூடித் திறந்தாள். பரவாயில்லை அக்கா, வெயிலுக்குக் குளிர்ச்சிதான் என்றாள். சகாயமேரி அவள் முருங்கை மரத்திலிருந்து கேட்காமல் ஒரு கிளையை ஒடித்தாள். ஒடித்தவள் கைக்கு எட்டாத கிளையைச் சின்னப்பாப்பாவே வந்து வளைத்துக் கொடுத்தாள். அவள் சமைத்த மீன் குழம்பைப் பூனைகூடத் தொடாது என்று சத்தமாகச் சொன்னாள். சின்னப்பாப்பா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவரை ஓங்கி ஓங்கிக் குத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை இருபது வருஷத்தில் சகாயமேரி எடுத்ததில்லை. உப்பளத்தில் ஒரு பெண்ணை அவள் நடத்தையை வைத்துத் திட்டலாம், புருஷனை வைத்துத் திட்டலாம், செத்துப்போன வம்சத்தை எழுப்பித் திட்டலாம். எல்லாம் மத்தியானக் கஞ்சியோடு கரைந்துவிடும். ஆனால் அவள் கூடையைப் பற்றிப் பேசக்கூடாது. கூடையில் அடியில் கொஞ்சம் அள்ளி மேலே குவித்துக் காட்டி ஏமாற்றுகிறவள் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவளோடு யாரும் வரப்பில் நடக்கமாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொன்னவளும் சொல்லப்பட்டவளும் சாகும்வரை பேசிக்கொள்வதில்லை. சாகும்வரை என்பது இப்போது சகாயமேரிக்கு அப்படியொன்றும் நீளமாகத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கப்புறம் அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் உப்பளத்துக்குப் போனாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நின்று நின்று, வரப்பின் முனைவரைக்கும் நடந்தாள். சுனாமி அடித்த சேறெல்லாம் எடுத்துப் புதிதாகக் கட்டிய பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அம்பாரத்தின் பக்கத்தில் உப்பு ஏற்ற ஒரு லாரி நின்றது. பெண்கள் வரிசையாகக் கூடையோடு வந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லா முகத்திலும் அந்த எண்ணெய் தடவின மாதிரிச் சிரிப்பு வந்தது. சின்னப்பாப்பா ஐந்தாவதாக வந்தாள். குவித்த கூடை, ஒரு பரல் சிந்தாத நடை. அவளை மாதிரி முழுக்கூடை சுமக்கிறவள் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது என்பது சகாயமேரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"வாடி, அரைக்கூடைக்காரி."

வரிசை நின்றது. லாரியில் மண்வெட்டியால் உப்பை வாரிப் போடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சின்னப்பாப்பா கூடையை மெதுவாக இறக்கி வரப்பில் வைத்தாள். வானத்தைப் பார்த்து, மாரியம்மனிடம் தான் பிறகு பேசிக்கொள்வதாக ஏதோ முணுமுணுத்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"யாருடி அரைக்கூடை? ஒடம்பு சரியில்லாதவளாச்சேன்னு போனாப் போவுதுன்னு வுட்டா, மொட்டத் தலையில மொளவா அரைக்கணும்னு நிக்கிறியா?"

சகாயமேரிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷம். பிழைத்துவிட்டாள். செத்துப்போகிறவளிடம் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். மேஸ்திரி குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சகாயமேரி துண்டை இறுக்கிக் கட்டி, காலை அகட்டி நின்று, தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த வம்சத்தைத் தொடங்கினாள். கோட்டைச் செங்கல்லைத் திருடிய கொள்ளுத்தாத்தாவை எடுத்தாள். மாட்டை இரண்டு சந்தையில் விற்ற தாத்தாவை எடுத்தாள். இரண்டாவது சந்தைக்குப் போவதற்குள் மூச்சு நின்றது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மாடு சந்தைக்கே போகவில்லை. வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் சின்னப்பாப்பா. பழக்கத்தில் வந்த சொல். சொன்ன பிறகு அவளுக்கே அது தவறாகக் கேட்டது. கிட்டே வந்து சகாயமேரியின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. அப்புறம் காலைப் பார்த்தாள்.

"ஏண்டி நிறுத்திட்ட?"

"பழக்கம்... வுட்டுப் போச்சு."

"வாய்க்கு எங்கடி பழக்கம் வுட்டுப்போவும்? காலு ஏன் இப்டி வீங்கிக் கெடக்குது?"

"உப்புத்தண்ணி."

"நீ உப்புத்தண்ணில காலு வெச்சி எவ்ளோ காலம் ஆவுது? எந்தத் தண்ணில வீங்கிச்சி?"

சகாயமேரி தன் காலைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவளுக்கே அது தோன்றவில்லை. படுத்தா தூங்குற என்று அடுத்த கேள்வி வந்தது. உட்கார்ந்து என்றாள். சின்னப்பாப்பா சட்டென்று திரும்பினாள். லாரியைப் பார்த்து, பாதி லோடு போதும், வண்டியை எடு என்று டிரைவருக்கு உத்தரவு போட்டாள். அது தன் லாரி, தன் லோடு என்று டிரைவர் விளக்க முயன்றான். அவள் பார்த்த பார்வையில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான்.

அதற்குள் எஞ்சின் கொட்டகையிலிருந்து சவரிமுத்து சைக்கிளில் அலறிக்கொண்டு வந்தான். சைக்கிளை வரப்பிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்து சின்னப்பாப்பாவின் காலில் விழாத குறையாகக் கும்பிட்டான்.

"கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணியேம்மா, சண்டை போட மாட்டேன்னு. அவளுக்கு ஆர்ட்டு வீக்காவும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதிர்ச்சியே ஆவாது."

எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. சிவப்பு மருந்து சில பேருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும் என்று டாக்டரம்மா அவனிடம் சொல்லியிருக்கிறாள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறாள். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறாவது ஊசிக்கு முன்னால் எக்கோ என்று ஒரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். சவரிமுத்துவின் காது இதயம் என்ற சொல்லோடு மூடிக்கொண்டது. இதயம் பலவீனமானவர்கள் கெட்ட செய்தி கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுவார்கள் என்பதை அவன் எத்தனையோ சினிமாக் கொட்டகையில் பார்த்திருக்கிறான். எனவே கெட்ட செய்தியே அவளை எட்டாமல் பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தான். ஊரெல்லாம் சொல்லி வைத்தான். ஃபாதரிடம் கெஞ்சி மரியதாஸின் சாவு மணியை நிறுத்தி, பெட்டியையும் வரப்பு வழியாகத் திருப்பிவிட்டான். கிறிஸ்தவனாகப் பிறந்தும் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சின்னப்பாப்பாவிடம் கற்பூரச் சத்தியம் வாங்கினான். எக்கோவையும் நிறுத்திவிட்டான், ஏனென்றால் இதயத்தைப் படமெடுக்கக் கூட்டிப்போனால் அவளுக்கு இதயத்தில் ஏதோ என்று தெரிந்துவிடும். அது பெரிய அதிர்ச்சி அல்லவா?

சகாயமேரி லாரியின் படியில் உட்கார்ந்து மூச்சை எட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ... கட்டி திரும்பி வர்லியா?"

"கட்டியா? அது சுத்தமா போச்சின்னாங்களே."

அவள் சிரித்தாள். சிரிப்பில் மூச்சு முட்டி, கண் பிதுங்கி, மறுபடி சிரித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"செத்துடுவேன்னு பயந்து... சொல்லாமயே சாவடிக்கப் பாத்தியாய்யா?"

சவரிமுத்து நின்ற இடத்தில் குழந்தை மாதிரி அழுதான். சின்னப்பாப்பா அவன் சட்டையைப் பிடித்து லாரியில் ஏற்றினாள். கோட்டக்குப்பம் தாண்டி பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை மூன்று பேரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பாப்பா சகாயமேரியை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ எடுத்தார்கள். கொஞ்சம் மூச்சு திரும்பி உட்கார்ந்த பிறகு டாக்டரம்மா உள்ளே வந்து, வழக்கம்போலச் சவரிமுத்துவை வெளியே கூப்பிட்டாள். சகாயமேரி முகத்திலிருந்து குழாயை இறக்கினாள். நெஞ்சு என்னுடையது, அவனிடம் சொல்லி ஒருமுறை பார்த்தாயிற்று, இனி என்னிடமே சொல்லுங்கள் என்றாள்.  டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இதயம் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் மாதிரிதான் என்று சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். எஞ்சின் தளர்ந்துவிட்டதால் தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கிறது. நுரையீரலில் தேங்கினது மூச்சை முட்டியது, காலில் தேங்கினது வீக்கமானது. புற்றுச் செல்கள் நிறுத்தாமல் பெருகுகிறவை, சிவப்பு மருந்து அப்படிப் பெருகுவதைத் தேடி அடிக்கும். முடியின் வேரும் பெருகுகிற சாதி என்பதால் அதற்கும் அடி விழுந்தது. ஆனால் இதயத்தின் செல்கள் அனேகமாகப் பெருகுவதே இல்லை. அங்கே மருந்து வேறு வழியில் வேலையைக் காட்டுகிறது. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே பலத்தைத் தயாரிக்கிற இடங்கள் இருக்கின்றன, மருந்து போய் அவற்றை அரித்துவிடுகிறது, உங்கள் ஊர்க் காற்று சைக்கிளைத் துருப்பிடிக்க வைப்பது மாதிரி. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஏற்றிய மருந்தின் மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். சகாயமேரிக்குப் பல வருஷமாகவே கொதிப்பு உண்டு. அதற்குக் காரணம் தான்தான் என்று சின்னப்பாப்பா கதவோரத்திலிருந்து சொன்னாள். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"முடி மொளைக்கும்னீங்க. இது மொளைக்காதா?" என்று கேட்டாள் சகாயமேரி.

"முளைக்காதும்மா. செத்த செல்லு செத்ததுதான். மிச்சம் இருக்கறதுக்கு மாத்திரை குடுத்து, வேலையைக் கொறைச்சு, தெம்பாக்கலாம். சீக்கிரமா வந்துட்டீங்க, அதனால நல்லாவே தேறலாம். பழையபடி முழுசா ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஆறாவது ஊசி கிடையாது என்றும் சொன்னாள். சகாயமேரிக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் வாந்தியெடுத்து, வாயெல்லாம் புண்ணாகி, கடைசி ஒன்றுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் போடாமல் விட்டால் கட்டி திரும்பி வராதா? ஐந்தே போதுமான வேலையைச் செய்திருக்கும், மிச்சத்துக்கு வேறு மாத்திரை இருக்கிறது, இனி ஒரு சொட்டு சிவப்பு மருந்து ஏற்றினாலும் லாபத்தைவிட நஷ்டம்தான் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். சகாயமேரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அரைக்கூடையோட எறங்கச் சொல்றீங்களா?"

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. புரிந்தவள் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். புடவையில் உப்பு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது.

"வரப்பு சரியும்போது கூடை முழுசா அரையான்னு எவளாச்சும் பாப்பாளா? எறக்கி வைடி. ஆளு மொதல்ல கரை ஏறட்டும்."

 சகாயமேரி சரி என்றாள். சாப்பாட்டில் உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா கடைசியாகச் சொன்னபோது இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கியதில் கட்டில் ஆடியது.

ஊர் திரும்பிய பிறகு சவரிமுத்து குக்கரை விசிலடிக்க விட்டான். மரியதாஸுக்காகத் தாமதமாகவே என்றாலும் கோயில் மணியை அடித்தார்கள். சின்னப்பாப்பா அக்கா என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே வைத்துவிட்டாள். அம்மனுக்குச் சத்தியம் தவறிய குற்றத்துக்குக் கூழ் ஊற்றினாள். அரைக்கூடை என்ற சொல்லை மட்டும் அவள் மன்னிக்கவில்லை. அதற்குத் தண்டனையாக, தினமும் காலையில் குழாயடிக்கு வந்ததும் சகாயமேரியைச் சண்டைக்கு இழுத்தாள். சகாயமேரி வம்சத்தைத் தொடங்குவாள். எது வரை ஒரே மூச்சில் வருகிறது என்று சின்னப்பாப்பா இடுப்பில் கைவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஒரு மாசம் தாத்தாவின் மாட்டோடு நின்றது. மாத்திரைகள் வேலை செய்யச் செய்ய, மாடு முதல் சந்தையைத் தாண்டி இரண்டாவது சந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் பெரியப்பன் கிணற்றில் விழும்வரை வந்துவிட்டாள். அன்றைக்குச் சின்னப்பாப்பா வீட்டில் மீன் குழம்பு ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்து, பூனைக்கு என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள். அதில் உப்பே இல்லை.

மழை தொடங்கி உப்பளம் மூடின பிறகு ஒரு காலை. சகாயமேரிக்குத் தலையில் குட்டை முடி சுருள் சுருளாக முளைத்திருந்தது. முந்தின இரவு சரியாகத் தூக்கமில்லை. வம்சத்தைத் தொடங்கினாள். கொள்ளுத்தாத்தா வந்தார், தாத்தா வந்தார், மாடு வந்தது. அதோடு மூச்சு நின்றுவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இந்த மூச்சு இனி இவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. 

சின்னப்பாப்பா அவ்ளோதானா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சகாயமேரி தாங்கியிருப்பாள். சின்னப்பாப்பா குடத்தை இறக்கி வைத்தாள். தொண்டையைச் செருமினாள். குழாயடிக்கே கேட்கும்படி, பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியை மடியில் கட்டிக்கொண்டு வந்த தன் அப்பனைத் திட்டினாள். தேர்வடத்தைப் பிடிக்காமல் பிடித்த மாதிரி நடித்த தன் அண்ணனைத் திட்டினாள். சகாயமேரி சொல்கிற அதே ராகத்தில், அவள் கையை நீட்டுகிற அதே தோரணையில், நடுவில் எங்கும் மூச்சு விடாமல் தன் வம்சத்தைத் தானே நாறடித்து முடித்தாள்.

முடித்துவிட்டு, மூச்சு வாங்க, சகாயமேரியைப் பார்த்தாள். அதற்குள் சகாயமேரிக்கு மூச்சு திரும்பியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்தாள்.

"அவ்ளோதானா? ஒங்க பெரியப்பன எங்கடி வுட்ட?"